மீட்டரின் சாவி யாரிடம்?

புதுச்சேரி நகரில் 2012-ல் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனமும் புதுச்சேரி அரசின் மின்துறையும் கைகோத்தன. ‘ஸ்மார்ட் கிரிட்’ என்று கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்தது போதும், ஒரு நிஜ ஊரில் வீட்டுச் சுவரில் மாட்டிப் பார்த்துவிடுவோம் என்று இறங்கின. ஒரே கம்பெனிக்கு டெண்டர் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளவில்லை. யாரிடம் என்ன சரக்கு இருக்கிறதோ கொண்டு வாருங்கள், கூடிச் செய்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். மீட்டர் செய்பவர், ரேடியோ செய்பவர், மென்பொருள் எழுதுபவர் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 87,000 இணைப்புகள் கொண்ட முதல் கோட்டம் களமாயிற்று. முதல் கட்டமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போயின.

எல்லா மீட்டரும் செய்யும் வேலை ஒன்றுதான். எத்தனை யூனிட் ஓடியது, இப்போது வோல்டேஜ் என்ன, கரன்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லும் வழி ஆளுக்கொன்றாக இருந்தது. ஒரு கம்பெனி மீட்டர் ரேடியோ அலையில் அனுப்பியது. இன்னொன்று கரன்ட் வரும் அதே ஒயரிலேயே தகவலையும் ஏற்றி அனுப்பியது. மூன்றாவதுக்குள் செல்போனில் இருப்பதுபோல ஒரு சிம் கார்டு. மீட்டர் அனுப்புவதை வாங்கிச் சேர்த்துவைக்க டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஒரு பெட்டி உண்டு, கான்சென்ட்ரேட்டர் என்பார்கள். அந்தப் பெட்டிக்குத் தன் கம்பெனி மீட்டரை மட்டும்தான் தெரியும். கட்டுப்பாட்டு மையத்தில் பெட்டியோடு பேசும் மென்பொருளுக்கும் தன் கம்பெனிப் பெட்டியை மட்டும்தான் தெரியும். ஆக, ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டு மீட்டர்கள் ஒன்றை ஒன்று அறியாமல் தனித்தனிச் சங்கிலிகளில் தொங்கின. இவை எல்லாவற்றையும் ஒரு திரையில் பார்ப்பதற்கென்று மேலே இன்னொரு மென்பொருளை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுபவர்கள் மின்திருட்டு, மின்வெட்டு, சோலார் கூரை, தெருவிளக்கு என்று பேசுவார்கள். அவையும் அதில் இருந்தன. என்னைக் கேட்டால், புதுச்சேரி நாட்டுக்குக் காட்டிக்கொடுத்த பெரிய விஷயம் வேறு. மீட்டர் வாங்குவது சுலபம், மீட்டரைப் பேசவைப்பது கஷ்டம், யார் எழுதிய மென்பொருளோடு அது பேசுகிறது என்பதில்தான் காசும் அதிகாரமும் இருக்கின்றன என்பதே அது. இப்படிப் பேசிக்கொள்வதற்கான விதிமுறைக்குப் பொதுவாகப் புரோட்டோகால் என்று பெயர். செய்தித்தாளில் அடிபடாத சரக்கு. ஆனால் ஆலையின் பாய்லர், குடிநீர் மோட்டார், லிஃப்ட், துணை மின்நிலையம் என்று எதைத் தொட்டாலும் அடியில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேனலுக்குள் ஒரு மதியம்

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம். புதுச்சேரியைச் சுற்றியுள்ள இந்தத் தொழிற்பேட்டைகளில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் மின்கட்டணம் எகிறுகிறது. எந்த மிஷின் எவ்வளவு இழுக்கிறது என்று போனில் பார்க்க வேண்டும் என்கிறார் முதலாளி. பேனல் போடுகிறவர் மிஷினுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு எனர்ஜி மீட்டர் மாட்டுகிறார். சில்லருக்கு ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர், மோட்டார்களுக்கு டிரைவ். மீட்டர் ஒரு கம்பெனி, டிரைவ் இன்னொரு கம்பெனி, கன்ட்ரோலர் எங்கே மலிவோ அங்கே வாங்கியது. எல்லாவற்றையும் முறுக்கிய இரட்டை ஒயர் ஒன்று கோத்துக்கொண்டு போகிறது. ஆர்எஸ்-485 என்பது அந்த ஒயரிங்கின் பெயர். 1,200 மீட்டர் தூரம் வரை, 32 கருவிகள் வரை ஒரே ஒயரில் போடலாம் என்பது பழைய கணக்கு.

ஒயர் போட்ட அன்று எதுவும் வேலை செய்யாது. இது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரியும். லேப்டாப்பைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் பேனலுக்குள் தலையை விட்டிருக்கும் மூத்தவருக்கும் நடுவே இப்படித்தான் பேச்சு ஓடும்:

“அண்ணே, எல்லாம் வருது. அஞ்சாம் நம்பர் மட்டும் வரல.”

“பாட் ரேட் பாத்தியா?”

“9600 தான்ணே. பாரிட்டியும் பாத்துட்டேன்.”

“அப்ப ஏ-யையும் பி-யையும் மாத்திப் போட்டுப் பாரு.”

மாற்றிப் போட்டால் வந்துவிடும், பல நேரம். ஏ என்று ஒரு கம்பெனி எழுதுவதை இன்னொரு கம்பெனி பி என்று எழுதுகிறது. எது பிளஸ், எது மைனஸ் என்பதிலேயே உலகம் இன்னும் ஒத்துப்போகவில்லை. கடற்கரை ஊரில் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். டெர்மினல் ஸ்க்ரூவில் பச்சை பூத்திருந்தால் ஏ-யும் வராது, பி-யும் வராது.

ஒயர் சரியான பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. அந்த ஒயரில் பெரும்பாலும் ஓடுவது மோட்பஸ் என்ற புரோட்டோகால். ஒரு மீட்டரிடம் வோல்டேஜைக் கேட்க லேப்டாப் அனுப்பும் செய்தி இவ்வளவுதான்: 01 03 00 00 00 02. முதல் 01 என்றால் முதல் எண் கருவியே, உன்னைத்தான் கேட்கிறேன். 03 என்றால் உன் பதிவேட்டைப் படித்துச் சொல். அடுத்த நான்கு பூஜ்யங்கள், முதல் கட்டத்திலிருந்து. கடைசி 00 02, இரண்டு கட்டம். இதன் வாலில் செய்தி வழியில் கெட்டுவிட்டதா என்று சரிபார்க்கும் இரண்டு பைட். மொத்தம் எட்டு பைட். நூறில் ஒரு நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

மீட்டரிடமிருந்து பதில் வருகிறது: 01 03 04 43 66 00 00. நான்தான் ஒன்றாம் எண், நீ கேட்ட 03, நான்கு பைட் தருகிறேன், இதோ. அந்தக் கடைசி நான்கு பைட்டில்தான் 230 வோல்ட் இருக்கிறது. தசமப் புள்ளியுள்ள எண்ணை 32 பிட்டில் எழுதும் முறையில் 230 என்பது 4366 0000.

இங்கேதான் வினை. மோட்பஸில் ஒரு கட்டத்துக்கு 16 பிட்தான். 32 பிட் எண்ணுக்கு இரண்டு கட்டம் வேண்டும். எந்தக் கட்டத்தை முதலில் அனுப்புவது என்று மோட்பஸ் விதியில் எழுதவில்லை; அது பிறந்த காலத்தில் அப்படியொரு தேவை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு கம்பெனி 4366-ஐ முதலில் அனுப்புகிறது. இன்னொன்று 0000-ஐ முதலில் அனுப்புகிறது. படிப்பவர் முறை மாற்றிப் படித்தால் திரையில் வோல்டேஜ் பூஜ்யம் என்று காட்டும். கட்டத்துக்குள்ளேயே பைட்டுகள் முன்பின்னானால் 4366 என்பது 6643 ஆகிவிடும். அப்போது 230 வோல்ட் எவ்வளவு ஆகும் தெரியுமா? 23 போட்டு, பின்னால் 22 பூஜ்யம் போட்டால் வருகிற எண். மீட்டரில் கோளாறு இல்லை, ஒயரில் கோளாறு இல்லை, செய்தி ஒரு பிட்டும் கெடாமல் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் சூரியனே எரிகிறது என்று திரை சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. சில மேனுவலில் கட்டங்கள் 40001-லிருந்து தொடங்கும், சிலவற்றில் பூஜ்யத்திலிருந்து. இரண்டும் ஒரே கட்டம். இதை மறந்தால் ஒரு கட்டம் தள்ளிப் படிப்போம். வோல்டேஜ் என்று நினைத்துக் கரன்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். பூஜ்யம் காட்டினால் தப்பு என்று தெரியும். தப்பான எண் சரியான எண்ணைப்போல வந்து உட்கார்ந்தால் மாதக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மேஸ்திரி போன பிறகு

புதுச்சேரிக்கு ஆலை புதிதல்ல. ரோடியர் மில் என்று ஊர்க்காரர்கள் சொன்ன ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 1898-ல் தொடங்கியது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசு 1936 ஜூலை 30 அன்று சுட்டது. 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. அந்த மில்களில் இயந்திரம் இயந்திரத்தோடு பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒரு தறி நின்றால் தொழிலாளி பார்த்தார், மேஸ்திரி வந்தார், ஃபிட்டரைக் கூப்பிட்டார். தகவல் மனிதர் வழியாகவே போயிற்று. தறியின் சத்தத்திலிருந்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடும் ஆட்கள் இருந்தார்கள். 2020 ஏப்ரலோடு ரோடியர் மில்லும் மூடப்பட்டது.

மேஸ்திரியின் இடத்தைப் பெட்டி பிடித்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனிக்கு ஒரு தொல்லை. ஒவ்வொரு முறை மாடல் மாறும்போதும் சுவர் சுவராக ரிலேக்களைக் கழற்றி மாட்டி ஒயரிங்கை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக நிரல் எழுதி மாற்றக்கூடிய ஒரு பெட்டியைக் கேட்டார்கள். டிக் மோர்லி என்ற பொறியாளரின் குழு செய்துகொடுத்தது. அவர்களுடைய 84-ஆவது திட்டம் என்பதால் அதற்கு மோடிகான் 084 என்றே பெயர். பிஎல்சி என்று இன்று சொல்லும் கருவிகளின் மூதாதை. பெட்டிகள் பெருகின, அவை தமக்குள் பேச வேண்டி வந்தது. 1979-ல் மோடிகான் வெளியிட்ட பேச்சுமுறைதான் மோட்பஸ்.

மோட்பஸைவிட நல்ல புரோட்டோகால்கள் பிறகு எத்தனையோ வந்தன. மோட்பஸுக்கோ ஓர் எண் வோல்ட்டா ஆம்பியரா என்று தெரியாது, கடிகாரம் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. ஆனாலும் 45 வருடம் தாண்டியும் சேதராப்பட்டு பேனல் வரை அதுவே ஓடுகிறது. மோடிகான் அதன் விதிகளை வெளியே கொடுத்துவிட்டது; யார் வேண்டுமானாலும் படித்து, காசு கொடுக்காமல் தன் கருவியில் போட்டுக்கொள்ளலாம். அதுதான் காரணம். மோடிகான் 1990-களில் பிரெஞ்சு நிறுவனமான ஷ்னைடரின் கைக்குப் போனது. 2004-ல் ஷ்னைடரும் மோட்பஸைத் தனி அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டது. போட்டி கம்பெனிக்காரனும் அஞ்சாமல் பயன்படுத்தலாம்.

இதற்கு நேர்மாறான கதை ஐரோப்பாவில் நடந்தது. 1980-களின் நடுவில், ஆலைக்குள் கருவிகள் பேச உலகத்துக்கே ஒரு முறை போதும் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் உட்கார்ந்தது. ஜெர்மானியர் தங்கள் புரோஃபிபஸ்தான் வேண்டும் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் தங்கள் எஃப்ஐபி-தான் என்றார்கள். அமெரிக்கர் இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். ஓட்டெடுப்பு, எதிர் ஓட்டு, மறுபடி கூட்டம். பதினைந்து வருடம் ஓடிற்று. கடைசியில் 2000-த்தை ஒட்டி வெளிவந்த உலகத் தரத்தில் எட்டு வெவ்வேறு முறைகள் இருந்தன. எல்லோருடையதையும் உள்ளே சேர்த்து ஒரே புத்தகமாகத் தைத்துவிட்டார்கள். பொறியாளர்கள் இதை ஃபீல்டுபஸ் போர் என்பார்கள். பிரெஞ்சு எஃப்ஐபி சந்தையில் தோற்றது. ஆனால் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் மாபெரும் துகள் முடுக்கியில் அதற்கு வேலை கிடைத்தது.

சண்டை ஏன் என்றால், புரோட்டோகால் கைக்குள் இருந்தால் வாடிக்கையாளரும் கைக்குள் இருப்பார். ஒரு கம்பெனியின் கன்ட்ரோலரை வாங்கிவிட்டால் சென்சாரும் அவர்களுடையது, கேபிளும் அவர்களுடையது, பத்து வருடம் கழித்து ஒரு கார்டு போனால் அவர்கள் சொல்வதுதான் விலை. பொறியியல் தகராறு மாதிரி தெரிந்தாலும் ஆழத்தில் இது வியாபாரக் கணக்கு.

மீட்டருக்கு ஒரு பொதுப் பேச்சு

இந்திய மின்வாரியங்கள் இந்தக் கணக்கை நன்றாக அனுபவித்தவை. எலெக்ட்ரானிக் மீட்டர் வந்த புதிதில் உதய்ப்பூர்க் கம்பெனி மீட்டர் ஒரு மாதிரி பேசியது, ஜெய்ப்பூர்க் கம்பெனி மீட்டர் வேறு மாதிரி, வெளிநாட்டு மீட்டர் இன்னொரு மாதிரி. தொழிற்சாலை மீட்டரைப் படிக்கப் போகும் ஊழியர் கையில் ஒரு கருவி கொண்டுபோவார். மீட்டரின் முகப்பில் உள்ள ஒளித் துளையில் அதன் முனையை ஒட்டவைத்துத் தகவலை இறக்குவார். அந்தக் கைக்கருவிக்குள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனி நிரல் ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஆபீசுக்கு வந்தால் அதைப் பிரித்துப் படிக்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனி மென்பொருள். கம்பெனி புது மாடல் விட்டால் நிரலும் புதிது. எந்த மீட்டரை வாங்குவது என்பதை விலை மட்டுமல்ல, ஏற்கெனவே எந்த மென்பொருள் ஆபீசில் இருக்கிறது என்பதும் தீர்மானித்தது.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர நாடு தேர்ந்தெடுத்த வழி, ஐரோப்பாவில் உருவான டிஎல்எம்எஸ் என்ற புரோட்டோகால். மோட்பஸில் இல்லாதது இதில் உண்டு. எண்ணோடு அது என்ன எண் என்பதும் சேர்ந்தே வரும். மொத்த யூனிட் வேண்டுமா, 1.0.1.8.0.255 என்று கேட்க வேண்டும். ஆர் பேஸ் வோல்டேஜ் என்றால் 1.0.32.7.0.255. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்த மீட்டரானாலும் இந்த முகவரியில் இதுதான் இருக்கும். ஆனால் டிஎல்எம்எஸ் ஒரு கடல். எதைக் கட்டாயம் தர வேண்டும், எதை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்க வேண்டும் என்று நாடுதோறும் ஒரு துணை விதி வேண்டும். இந்தியா அதை 2011-ல் ஐஎஸ் 15959 என்று எழுதியது. மீட்டர் இந்த விதிப்படி பேசுகிறதா என்று பெங்களூருவில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துச் சான்று கொடுத்தது.

ஆக, 2012-ல் புதுச்சேரிச் சோதனை தொடங்கியபோது பேசுவதற்கு ஒரு பொது முறை காகிதத்தில் இருந்தது. ஆனால் அது மீட்டரின் வாசல் வரைக்கும்தான். வாசலைத் தாண்டி அந்தப் பேச்சை ரேடியோவில் ஏற்றுவதா, மின் ஒயரில் ஏற்றுவதா, சிம்மில் ஏற்றுவதா என்பது அவரவர் விருப்பம். அதனால்தான் முதலில் சொன்ன தனித்தனிச் சங்கிலிகள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு சங்கடம் உண்டு. மின் ஒயரில் தகவல் போனால் எந்த வீட்டிலோ ஓடும் மலிவான சார்ஜரும் எல்இடி விளக்கும் கிளப்பும் இரைச்சல் குறுக்கே வரும். 865 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள, உரிமம் வேண்டாத ரேடியோ அலை நன்றாகப் போகும். ஆனால் மீட்டர் இரும்புப் பெட்டிக்குள், மாடிப்படிக்குக் கீழே, இரண்டடிச் சுவருக்குப் பின்னால் இருந்தால் திணறும். புதுச்சேரியின் பழைய தெருக்களில் சுவர்கள் எவ்வளவு தடிமன் என்று அங்கே ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிம் வைத்தால் சிக்கல் குறைவு, ஆனால் மாதாமாதம் செலவு.

அடுத்து மத்திய மின் அமைச்சகம் நாடெங்கும் 14 முன்னோடித் திட்டங்களை அறிவித்தது. மைசூருவில் ஒன்று, புதுச்சேரிக்கும் ஒன்று, ஏறத்தாழ 34,000 நுகர்வோருக்கு. 2015-ல் ஸ்மார்ட் மீட்டருக்கென்றே ஐஎஸ் 16444 என்ற தரம் வந்தது. அதற்கேற்ப 15959-இன் இரண்டாம் பாகம் 2016-ல். ரேடியோவா, ஒயரா, சிம்மா என்பதை மட்டும் அந்தத் தரமும் வாங்குபவர் கையிலேயே விட்டுவிட்டது. விட்டது சரிதான் என்று ஒரு கட்சி, பாதி வேலையை விட்டுவிட்டார்கள் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஒரே ரேடியோ அலைவரிசையில் பேசும் இரு கம்பெனி மீட்டர்கள் ஒன்றுக்கொன்று தகவலைக் கடத்திக்கொடுக்க முடியாவிட்டால், மீட்டருக்குள் பொதுவாகப் பேசி என்ன பயன்?

சாவி

2021-ல் மத்திய அரசு ஸ்மார்ட் மீட்டர் வேலையைப் பல மடங்கு பெரிதாக்கியது. மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் நாடு முழுக்க 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் என்பது இலக்கு. பெரும்பாலான இடங்களில் வாரியம் மீட்டரை நேரடியாக வாங்குவதில்லை. ஒரு தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் மீட்டர் மாட்டி, தகவலைத் திரட்டித் தந்து, ஏறத்தாழ பத்து வருடம் நடத்தும். வாரியம் மீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுக்கும்.

புதுச்சேரியில் இது வெறும் தொழில்நுட்பச் செய்தியாக வரவில்லை. இங்கே மின்விநியோகம் வாரியம்கூட அல்ல, நேரடியாக அரசின் துறை. யூனியன் பிரதேசங்களில் மின்விநியோகம் தனியாருக்குப் போகும் என்று 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். 2022-ல் டெண்டர் வந்ததும் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊரில் பல இடங்கள் இருட்டாயின, மக்கள் சாலைக்கு வந்தார்கள். அதன் கூடவே ப்ரீபெய்டு மீட்டர் பேச்சும் வந்ததால், ஸ்மார்ட் மீட்டர் என்றாலே தனியார்மயத்தின் முதல் ஆணி என்று ஒரு பெரும் பகுதி மக்கள் பார்த்தார்கள். பணம் தீர்ந்த நொடியில் ஆள் வராமலே கரன்டைத் துண்டிக்கலாம் என்பது சாதாரண மாற்றமல்ல. முன்பு ஃபியூஸைப் பிடுங்க வருபவரிடம் “அண்ணே, ரெண்டு நாள் டைம் குடுங்க” என்று சொல்லிப் பார்க்கலாம்.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் பேசாத ஒன்று, சாவி. ஸ்மார்ட் மீட்டர் எல்லோரிடமும் பேசாது. படிப்பதற்கு ஒரு ரகசியக் குறி, அமைப்பை மாற்றுவதற்கும் துண்டிப்பதற்கும் அதைவிடக் கடுமையான இன்னொன்று. தகவல் 128 பிட் சாவியால் பூட்டி அனுப்பப்படுகிறது. மீட்டருக்கு மீட்டர் சாவி வேறு. லட்சக்கணக்கான சாவிகள் ஒரு சர்வரில் இருக்கின்றன. அந்த சர்வர் யாருடையது? ஒப்பந்தம் முடிந்து அடுத்த நிறுவனம் வரும்போது சாவிகளை எந்த வடிவத்தில், யார் சாட்சியாக, எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும்? இது ஒப்பந்தத்தில் அழுத்தமாக எழுதப்படவில்லை என்றால், புரோட்டோகால் எவ்வளவு பொதுவானதாக இருந்தாலும் துறை மறுபடி ஒரே கம்பெனியின் வாசலில்தான் நிற்கும். மின்துறை அரசிடம் இருந்தாலும் தனியாரிடம் போனாலும் இந்தக் கேள்வி மாறாது. தொழிற்சங்கம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

பேசத் தெரிந்த திருடன்

சாவியே இல்லாத மோட்பஸ் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் வந்துவிட்டது. 2024 ஜனவரி, உக்ரைனின் லிவிவ் நகரம், கடுங்குளிர். அங்கே வீடுகளுக்கு வெந்நீர் குழாயில் வரும், அதுதான் சூடு. யாரோ ஒரு வைரஸை ஏவி, அந்த அமைப்பின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நெட்வொர்க் வழியாக மோட்பஸ் கட்டளைகளை அனுப்பினார்கள். கருவிகளுக்கு அளவுகள் தப்பாகத் தெரிய ஆரம்பித்தன. 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் சூடு நின்றது. அந்த வைரஸ் பூட்டு எதையும் உடைத்து மோட்பஸைக் கெடுக்கவில்லை. மோட்பஸ் விதிப்படி ஒழுங்காகப் பேசியது. கேட்டவர் யார் என்று கேட்கும் வழக்கம் அந்தப் புரோட்டோகாலுக்குக் கிடையாது.

அதற்கு முன்பே, 2016 டிசம்பரில், கீவ் நகரின் ஒரு துணை மின்நிலையம் ஒரு மணி நேரம் இருண்டது. அதைச் செய்த வைரஸுக்கு மின்நிலையங்கள் பேசும் நான்கு புரோட்டோகால்கள் தெரிந்திருந்தன. இந்தியத் துணை மின்நிலையங்கள் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசும் ஐஇசி 104-உம், நிலையத்துக்குள் ரிலேக்கள் பேசும் 61850-உம் அதில் அடக்கம்.

இதனால் பொதுப் புரோட்டோகாலே ஆபத்து, கம்பெனியின் ரகசிய முறையே பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். என்னிடம் அது செல்லாது. ரகசியம் என்பது பூட்டு ஆகாது. விதி வெளியே இருக்கட்டும், சாவி உள்ளே இருக்கட்டும். சேதராப்பட்டு முதலாளி இவ்வளவு தூரம் யோசிக்கத் தேவையில்லை. பேனலிலிருந்து போனுக்குப் போகும் அந்த மலிவான பெட்டியை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைக்காமல் இருந்தால் பாதி தொல்லை தீர்ந்தது. பழைய மோட்பஸ் கருவிகளைத் தூக்கி எறிய முடியாது. நடுவே ஒரு கேட்வே வைத்து, வெளியே போவதைப் பூட்டி அனுப்பலாம். படிக்க மட்டும் அனுமதித்து எழுதுவதைத் தடுக்கலாம். இது பெரிய செலவல்ல.

யார் எழுதுகிறார்கள்?

இந்தப் புரோட்டோகால் மென்பொருளை எழுதுபவர்களை வெளியில் யாருக்கும் தெரியாது. இந்தியாவில் பெங்களூருவின் கல்கி கம்யூனிகேஷன் போன்ற சில நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. 61850, 104, டிஎல்எம்எஸ் என்று கருவி செய்பவர்களுக்கு ஆயத்தமாக எழுதிக்கொடுப்பதும், ஒரு புரோட்டோகாலை இன்னொன்றாக மாற்றும் பெட்டி செய்வதும் அவர்கள் வேலை. ஒரு தரத்தின் விதிப்புத்தகம் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். அதைப் படித்து முடித்தால் மட்டும் போதாது. மற்ற கம்பெனிகள் அதே வரியை எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது அறிவு புத்தகத்தில் கிடைக்காது. களத்தில் அடிபட்டுத்தான் வரும். அதனால்தான் வயது ஏற ஏற மதிப்புக் கூடும் அபூர்வமான மென்பொருள் வேலைகளில் இதுவும் ஒன்றாக இருக்கிறது.

காசு கொடுத்து வாங்குவது ஒரு வழி; கொடுக்காமலும் வழி உண்டு. மோட்பஸுக்கு லிப்மோட்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள் நூலகம் உண்டு. டிஎல்எம்எஸ்-க்குப் பின்லாந்தின் குருக்ஸ் தன் மூல நிரலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு பழைய கணினி, சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி கன்வெர்ட்டர், செகண்ட் ஹேண்ட் எனர்ஜி மீட்டர் ஒன்று இருந்தால், 01 03 என்று அனுப்பி 43 66 வருவதை ஒரு மாணவர் தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இதற்கான மண் புதுச்சேரியில் இல்லாமல் இல்லை. பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், முன்பு பொறியியல் கல்லூரியாக இருந்த நாளிலிருந்தே கருவியியல் படிப்பைச் சொல்லித்தருகிறது. கட்டற்ற மென்பொருளை மாணவர்களிடம் கொண்டுசெல்லும் இயக்கம் ஒன்றும் ஊரில் பல வருடமாக ஓடுகிறது. கல்லூரிப் பாடத்தில் மோட்பஸ் ஒரு படமாகவும் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. வேலைக்குப் போன முதல் வாரம், பேனலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பையனுக்கு அது உயிரோடு அறிமுகமாகிறது.

அந்தப் பேனலை வாங்கும் முதலாளிக்கும், 25 கோடியில் தன் பங்கை வாங்கும் மின்துறைக்கும் நான் ஒரே பட்டியலைத்தான் தருவேன். கருவி எந்தப் புரோட்டோகாலில் பேசும் என்பது பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் என்ன எண், எந்த வரிசையில் என்ற முழு அட்டவணை கருவியோடு கைக்கு வர வேண்டும். ஃபோன் செய்து கெஞ்சி வாங்குவதாக இருக்கக் கூடாது. பாஸ்வேர்டும் சாவியும் வாங்கியவர் பெயரில் இருக்க வேண்டும். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், வேறு ஒரு கம்பெனியின் மென்பொருளை வைத்து அந்தக் கருவியை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். படிக்க வந்தால் செக்கில் கையெழுத்துப் போடலாம்.